ஐலா தீவுப் புகை - உங்க விஸ்கி அனுபவத்தையும் சொல்லுங்க

முதல் தடவை லஃப்ராய்க்ங்கிற ஐலா விஸ்கிய குடிச்சப்ப ஒரு வாய்க்கு மேல முடியல. சின்ன வயசுல முட்டி சிராய்ச்சா டிங்சர் தடவுவாங்களே, அதே நெடி, இதுக்கா இவ்வளவு காசுன்னு ஆயிடுச்சு. அப்புறம் ஸ்காட்லாந்து போனப்ப ஐலா தீவுக்கு கப்பல் ஏறினேன், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், போர்ட் எலன் துறைமுகத்துல இறங்கி நடந்தா ஒரே பாதையில லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக்னு விஸ்கி காய்ச்சுற மூணு டிஸ்டிலரி, மூணுமே 1815, 1816ல ஆரம்பிச்சதுங்க.

லஃப்ராய்க்ல ஒரு பங்கு பார்லிய இன்னமும் தரையில பரப்பித்தான் முளைகட்டுறாங்க. ஒரு மணி எடுத்துக் கடிச்சுப் பார்த்தேன், வீட்ல கேழ்வரகு முளைகட்டினா வருமே அந்த இளம் இனிப்பு, நுனியில வெள்ளையா நூல் மாதிரி வேர். பக்கத்துலயே அத காயவைக்கிற சூளை. சதுப்பு நிலத்துல பாசியும் செடியும் ஆயிரக்கணக்கான வருஷமா மக்கிக் கெட்டியானதுதான் பீட், அத வெட்டிக் காயவச்சு எரிச்சா அந்தப் புகை ஈரமான பார்லியில ஏறிடுது. நான் டிங்சர்னு நெனச்சது இதத்தான். அன்னைக்கு சாயங்காலம் சட்டையெல்லாம் புகை வாசனையோட அதே விஸ்கிய ரெண்டு சொட்டு தண்ணி விட்டு குடிச்சேன், புகைக்கு அடியில இனிப்பு இருந்துச்சு. இத்தனை நாள் அது எனக்குத் தெரியவே இல்ல.

---

புகை எனக்கு ஆகாதுங்க, நான் அயர்லாந்து பக்கம். ரெட்பிரெஸ்ட் 12 குடிச்சுப் பாருங்க, நாக்குல எண்ணெய் மாதிரி வழுவழுன்னு இறங்கும். மூணு தடவ காய்ச்சி வடிக்கிறது, அதோட முளைகட்டாத பார்லியும் சேர்க்கிறாங்க. முளைகட்டின பார்லிக்கு அந்தக் காலத்துல வரி போட்டதால வந்த பழக்கம், வரிக்குப் பயந்து செஞ்சது கடைசில தனி ருசியாவே நின்னுடுச்சு. அயர்லாந்துல ரெட்பிரெஸ்ட் காய்ச்சுற மிடில்டன் ஊர்ல பழைய செம்புக் கொப்பரை ஒண்ணு பார்த்தேன், 1,40,000 லிட்டருக்கு மேல பிடிக்குமாம், அண்ணாந்து பார்த்து கழுத்தே வலிச்சுது.

---

நான் அமெரிக்கால கென்டக்கில விஸ்கி பீப்பாய் செய்ற இடத்துக்குப் போயிருக்கேன். புது ஓக் பீப்பாய்க்குள்ள நெருப்பு விடுறாங்க, உள்பக்கம் கரியாகி முதலைத்தோல் மாதிரி வெடிச்சு நிக்குது, சக்கரை கருகின வாசனை அப்படி வருது. போர்பன்ங்கிற அமெரிக்க விஸ்கிக்கு ஒவ்வொரு தடவையும் புது பீப்பாய்தான் வேணும்னு சட்டம், அதனால பழச ஸ்காட்லாந்துக்கு வித்துடுறாங்க. லஃப்ராய்க்கே பெரும்பாலும் மேக்கர்ஸ் மார்க்ங்கிற போர்பனோட பழைய பீப்பாய்லதான் ஊறுது, அண்ணே, புகைக்கு அடியில நீங்க கண்டுபிடிச்ச இனிப்புல பாதி அங்க இருந்து வந்ததுதான்!