பழைய சூப்பர் 8 புரொஜெக்டர்ல பெல்ட் வழுக்குது, அவசரம், உதவி பண்ணுங்க

திருச்சிக்காரன்:
தாத்தாவோட சூப்பர் 8 (அந்தக்கால 8 மி.மீ. வீட்டு பிலிம்) புரொஜெக்டர், மோட்டார் சத்தம் நல்லா வருது ஆனா படம் போகப்போக மெதுவாகி நின்னுடுது, கீழ் ரீலும் சரியா சுத்தல, பிலிம் தரையில குவியுது. பெல்ட்டுதான் வழுக்குதுன்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை பாட்டிக்கு 80வது பிறந்தநாள், அப்பா கல்யாண ரீல் போட்டுக் காட்டணும். எந்த பெல்ட் வாங்கணும்?

டேப்ரெக்கார்டர்:
என்ன மாடல்? எத்தனை பெல்ட் இருக்கு? தட்டையா, சதுரமா, உருண்டையா? பின்மூடியைக் கழட்டி ஒரு போட்டோ போடுங்க.

பழையலென்ஸ்:
எத்தனை வோல்ட் மெஷின் தம்பி? ஸ்டெப்-டவுன்ல (வோல்டேஜ் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர்) ஓட்டுறப்போ வோல்டேஜ் பத்தலைன்னா மோட்டார் திணறும். என் ஓட்டு வோல்டேஜுக்குத்தான்.

ரீல்மணி:
இதையெல்லாம் இங்க பலதடவை எழுதியாச்சு, தேடிப் பாத்துட்டுக் கேளுங்க. சரி, அடிப்படையிலருந்து சொல்றேன். லேம்பை அணைச்சு வைங்க, பிலிம் போடாம ஓட்டுங்க. ஷட்டரும் (வெளிச்சத்தை மறைச்சு மறைச்சு விடுற தகடு) பிலிமை இழுக்கிற நகமும் ஒரே வேகத்துல ஓடி கீழ் ரீல் மட்டும் தடுமாறினா டேக்-அப் பெல்ட், அதாவது கீழ் ரீலைச் சுத்துற பெல்ட். ஷட்டரே மெதுவானா மெயின் டிரைவ், மோட்டார்ல இருந்து மெஷினை ஓட்டுற பெல்ட். இதுகூட பாக்காம பெல்ட் வாங்கக் கிளம்பக்கூடாது. இன்னொண்ணு, டேக்-அப் கொஞ்சம் வழுக்கத்தான் வேணும், பிலிம் சேரச் சேர ரீல் தடிமனாகுது, அப்ப சுத்து குறையணும், அதுக்காகத்தான் கிளட்ச்ல ஃபெல்ட் துணி (அமுக்கின கம்பளி) வச்சிருக்கான். அதை இறுக்கிட்டா பிலிம் அறுந்துடும்.

திருச்சிக்காரன்:
பேர் பிளேட் விழுந்துடுச்சு அண்ணா. மேட் இன் ஜப்பான், 100 வோல்ட்னு மட்டும் இருக்கு. தாத்தா கப்பல்ல இருந்தப்போ யோகோஹாமாவுல வாங்கினது. ஷட்டரும் சேந்துதான் மெதுவாகுது.

டேப்ரெக்கார்டர்:
அப்ப மெயின். மோட்டார் புல்லியில ரெண்டு படி இருக்கான்னு பாருங்க. ஜப்பான்ல கரண்ட் கிழக்க 50 ஹெர்ட்ஸ், மேக்க 60, அதனால நிறைய மெஷின்ல ரெண்டுக்கும் புல்லி வச்சிருப்பான். நம்ம ஊரு 50, அதுக்கு பெல்ட் பெரிய படியில இருக்கணும், சின்னதுல கிடந்தா செகண்டுக்கு 18 பிரேம் ஓட வேண்டியது 15தான் ஓடும். பழைய ரப்பர் பளபளன்னு கெட்டியா இருந்தா ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைங்க, ரப்பர் சக்கரமா இருந்தா நைஸ் உப்புத்தாள் லேசா தேச்சா பிடிப்பு வரும்.

கோயம்புத்தூர்ஃபிட்டர்:
எல்லாரும் ரப்பரையே பிடிச்சுத் தொங்குறீங்க. பிளக்கைப் புடுங்கிட்டு கையால நாபை (மெஷினைச் சுத்துற குமிழ்) திருப்பிப் பாருங்க. இறுக்கமா இருந்தா உள்ள கேம்ல (நகத்தை ஆட்டுற சுழல் துண்டு) கிரீஸ் காஞ்சு கிடக்கு, எந்தப் புது பெல்ட் போட்டாலும் வழுக்கும். துரு எடுக்குற ஸ்ப்ரே அடிக்காதீங்க, அது பரவி ரப்பர்ல ஏறிடும்.

ஸ்கேன்பண்ணு:
மன்னிக்கணும், கல்யாண ரீலை இந்த மெஷின்ல போடவே போடாதீங்க. அது ரிவர்சல் பிலிம், கேமராவுல போன அதே பிலிம்தான் ரீலா வந்திருக்கு, நெகட்டிவே கிடையாது. லேம்ப் எரியும்போது நடுவுல நின்னுச்சுன்னா அந்த பிரேம் உருகிடும். முதல்ல ஸ்கேன்.

பழையலென்ஸ்:
ஸ்கேன் ஸ்கேன்னு எல்லாத்தையும் செல்போன்ல அடைச்சாச்சு. இருட்டு ரூம்ல பாட்டி அந்த வெளிச்சத்துல பாக்கணும்யா, பிலிம் அதுக்குத்தானே எடுத்தது.

ஸ்கேன்பண்ணு:
பாக்கட்டும், வேணாங்கல. காப்பி எடுத்துட்டு பாக்கட்டும். கோடாக்ரோம்னு அந்தக்கால கலர் பிலிம், அதைக் கழுவ வாங்குறதே 2010 கடைசியோட நின்னு போச்சு, போனதை எங்க போய் எடுப்பீங்க? டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை அடிக்குதான்னும் பாருங்க, அடிச்சா பிலிம் சுருங்க ஆரம்பிச்சிருக்கும்.

ரீல்மணி:
ரெண்டு பேரும் தனி இழை போட்டுச் சண்டை போடுங்க. தம்பி, நாப் என்னாச்சு? முதல்ல ஒரு உதவாத ரீலைப் போட்டுச் சோதிங்க.

திருச்சிக்காரன்:
நாப் ரொம்ப டைட்டு. திறந்தா கேம்ல கிரீஸ் மெழுகு மாதிரி மஞ்சளா உறைஞ்சிருந்துச்சு, ஃபிட்டர் அண்ணா சொன்னபடி சுரண்டி துடைச்சு புது கிரீஸ் கொஞ்சமா வச்சேன், பெல்ட் பெரிய படியிலதான் இருந்துச்சு, அதுவும் வெடிச்சிருந்ததால சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து ஒண்ணு வரவழைச்சுப் போட்டேன். உதவாத ரீல் ஒண்ணு போட்டேன், முழுசா ஓடிடுச்சு. கல்யாண ரீலை ஸ்கேனுக்குக் கொடுத்திருக்கேன். நன்றி எல்லாருக்கும்.

கோயம்புத்தூர்ஃபிட்டர்:
சந்தோஷம் தம்பி. நிறுத்தும்போது லீவரை ஆஃப்லயே விடுங்க, அழுத்தி வச்சா ரப்பர்ல பள்ளம் விழும்.

மதுரைவாசு:
அதே மெஷின் மாதிரிதான் இருக்கு என்கிட்ட. பெல்ட் என்ன சைஸ் போட்டீங்க, நூல் சுத்தி அளந்தீங்களா?