மறுமொழி: 'சமிக்ஞைப் பாதை'க்கு நல்ல சொல் (குழந்தைகள் மூளைக்கட்டி கையேடு)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூளைக்கட்டி வந்த குழந்தைகளின் பெற்றோருக்கான கையேட்டில் 'சமிக்ஞைப் பாதை'க்கு (signalling pathway, செல்லுக்குள் செய்தி கைமாறும் வரிசை) எந்தச் சொல்லைப் போடலாம் என்று இதுவரை வந்த மடல்களைப் படித்தேன். 'சமிக்ஞை' வேண்டாம், 'குறிகை' போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மின்னணுவியல்காரர்கள் அதை ஏற்கெனவே பழக்கிவிட்டார்கள். என் தகராறெல்லாம் 'பாதை'யோடுதான்.

மூளையைப் பற்றிய கையேட்டில் 'பாதை' என்று எழுதினால், படிக்கிற பெற்றோர் அதை நரம்புப் பாதை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே பேச்சு ஒரே செல்லுக்குள் நடப்பதைப் பற்றி. 'வளர்' என்ற செய்தி செல்லின் மேற்பரப்புக்கு வந்ததும் ராஸ் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது ராஃபை எழுப்புகிறது. ராஃப் மெக்கின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, மெக் எர்க்கின் மேல் ஒட்டுகிறது, எர்க் உட்கருவுக்குள் போய்ச் செல்லைப் பிளவுபடச் சொல்கிறது. இதில் எதுவும் ஒரு சாலையில் பயணம் போகவில்லை, செய்திதான் கைமாறுகிறது. அதனால் 'குறிகைத் தொடர்' என்பது என் பரிந்துரை. 'ஏவல் தொடர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் பொருந்துகிறது, ஆனால் பில்லி சூனியம் நினைவுக்கு வந்துவிடும். புற்றுநோய்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், தொடரில் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் எப்படிச் சொல்வது என்பது. வரைவில் 'மேலோட்டம்', 'கீழோட்டம்' என்றிருக்கிறது. 'மேலோட்டமான புரதம்' என்றால் யாருக்கு என்ன புரியும்? நம்மிடம் தலைமடை (தண்ணீர் முதலில் வந்துசேரும் இடம்), கடைமடை (கடைசியில் போய்ச் சேரும் இடம்) என்று அருமையான இரண்டு சொற்கள் இருக்கின்றன. பாசனத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

இது வெறும் அழகுக்காக இல்லை. இந்தத் தொடர்களைக் குறிவைக்கும் மருந்துகளெல்லாம், தொடரை எந்த இடத்தில் அடைப்பது என்ற கேள்வியில்தான் நிற்கின்றன. சிறுமூளையில் வரும் கட்டியான மெடுல்லோபிளாஸ்டோமாவில் ஒரு வகை, சோனிக் ஹெட்ஜ்ஹாக் தொடர் கட்டுமீறிப் போவதால் வருவது. அந்தத் தொடரில் புரதங்களின் வரிசை பேட்ச்டு, ஸ்மூதண்ட், சுஃபு, கிளி (GLI). விஸ்மோடெகிப் என்ற மருந்து ஸ்மூதண்டை அடைக்கிறது. பேட்ச்டில் பழுது என்றால் இது வேலை செய்ய வாய்ப்புண்டு. பழுது சுஃபுவில் என்றால் பயனில்லை. கடைமடையிலேயே ஊற்று கிளம்பிவிட்ட பிறகு தலைமடையை அடைத்து என்ன செய்வது? இந்த ஒரு வரியைப் 'பாதை'யை வைத்து எழுத முயன்று பாருங்கள்.

(இந்த மருந்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பு வளர்வதற்கும் இதே தொடர் தேவை. வளரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்கின்றன. கையேட்டில் இதைத் தனிப் பெட்டியாகப் போட வேண்டும்.)

அடுத்தது, நம் பட்டியலில் இல்லாத ஒரு கருத்து. குழந்தைகளின் மெதுவாக வளரும் கிளையோமாக்களில் (நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்களில் வரும் கட்டிகள்) பெரும்பாலும் பிராஃப் மரபணுவில்தான் கோளாறு. மேலே சொன்ன ராஃப் புரதங்களில் ஒன்றுதான் பிராஃப். அதில் இரண்டு வகை. வி600இ என்ற ஒற்றை எழுத்து மாற்றம் என்றால் டப்ராஃபெனிபும் டிராமெடினிபும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். முதலாவது பிராஃபை அடைக்கும், இரண்டாவது அதற்குக் கடைமடையில் இருக்கும் மெக்கை அடைக்கும். அமெரிக்காவில் 2023 மார்ச்சில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் இந்தக் கூட்டு மருந்துக்கு 47 விழுக்காட்டினரிடம் கட்டி சுருங்கியது. வழக்கமான கீமோவில் அது 11 விழுக்காடுதான்.

இரண்டாவது வகையில் பிராஃப் இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே முதல் தலைமுறை பிராஃப் தடுப்பான்கள் தொடரை அடைப்பதற்குப் பதில் கிளப்பிவிடுகின்றன. ராஃப் புரதங்கள் சோடி சேர்ந்து இயங்கும்போது, சோடியில் ஒன்றில் மருந்து ஒட்டினால் மற்றது விழித்துக்கொள்வதே காரணம். சோராஃபெனிப் என்ற ராஃப் தடுப்பானைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கட்டிகள் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்ததால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். அடைக்க வேண்டிய மருந்தே தொடரைக் கிளப்பிவிடுவதற்கு 'முரண்கிளர்வு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'எதிர்வினை' ஏற்கெனவே வேதியியலுக்குப் போய்விட்டது, 'பக்கவிளைவு' என்பதோ பொருளையே தவறாக்கிவிடும். சோடியாக இருக்கும் ராஃபையும் அடைக்கக்கூடிய டோவோராஃபெனிப் என்ற மருந்துக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முந்தைய சிகிச்சைக்குப் பிறகும் கட்டி திரும்பியவர்களுக்கும் கட்டுப்படாதவர்களுக்குமானது அது, ஆறு மாதக் குழந்தையிலிருந்தே கொடுக்கலாம். ஆக, எந்த வகைப் பிராஃப் என்று பார்க்காமல் மருந்து எழுத முடியாது. கையேட்டில் 'முரண்கிளர்வு' இல்லாமல் இதை விளக்கவும் முடியாது.

'குறிகை வாய்க்கால்' என்ற யோசனைக்கும் ஒரு வார்த்தை. மடையைக் கொண்டுவந்த நானே வாய்க்காலை மறுப்பது வேடிக்கைதான். ஆனால் செல்சவ்வில் அயனிகள் புகும் வழிக்கு அந்தச் சொல் தேவைப்படும், இங்கேயே செலவழித்துவிட வேண்டாம்.

அப்புறம், 'முள்ளெலித் தொடர்'. ஹெட்ஜ்ஹாக்கை மொழிபெயர்க்க ஆசை வருவது இயல்பு. அந்த மரபணு கெட்ட பழ ஈப் புழுவின் உடலில் முள் முள்ளாக இருந்ததால் வந்த பெயர் அது. 'சோனிக்' வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயர், அதை எப்படித் தமிழாக்குவீர்கள்? மருத்துவ அறிக்கையில் இருக்கும் பெயரும் கையேட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் பெற்றோர் பொருத்திப் பார்க்க முடியும். ஒலிபெயர்ப்பே போதும்.

'குறிகைத் தொடர்', 'தலைமடை', 'கடைமடை' மூன்றையும் மெடுல்லோபிளாஸ்டோமா பகுதியில் போட்டுத் திருத்திய வரைவை இணைத்திருக்கிறேன். 'முரண்கிளர்வு'க்கு இதைவிடச் சுளுவான சொல் தோன்றினால் எழுதுங்கள். கிளையோமா பகுதி அதற்காகக் காத்திருக்கிறது.