ஹத்தீனுக்கு எந்தக் குதிரைப்படை?

*மாடி மேசைப் போர் – குடும்பக் குழு*

அருண்: முரளி மாமா, சிலுவைப் போர்க் கால ஹத்தீன் சண்டை ஆட்டத்துக்கு சலாஹுதீன் பக்கத்துக் குதிரைப்படைப் பொம்மைகள் வாங்கப் போகிறேன், 28 மிமீ உயரம். மேலே போட்ட படத்தைப் பாருங்கள். தலைப்பாகை மாதிரி வரிவரியாக உருண்ட பெரிய தலைக்கவசம், குதிரைக்கும் கவசம். பெட்டியில் "சராசென் குதிரைவீரர்" என்று போட்டிருக்கிறது. இரண்டு பெட்டி போதுமா?

முரளி மாமா: பணம் கட்டிவிட்டாயா?

அருண்: இன்னும் இல்லை 😄

முரளி மாமா: நல்லவேளை. அந்தத் தலைக்கவசம் 15ஆம் நூற்றாண்டுச் சரக்குடா. ஹத்தீன் நடந்தது 1187. சராசென் என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு வைத்த பொதுப் பெயர், அதைப் பெட்டியில் எழுதினால் எந்த நூற்றாண்டையும் உள்ளே போட்டு விற்கலாம், அதை நம்பாதே. குதிரைக் கவசமும் அப்போது அபூர்வம்தான்.

வித்யா அக்கா: அப்போ கனமான குதிரைப்படை என்று எதை வைப்பது மாமா? மேசையில் பார்த்ததும் பிரித்துத் தெரிய வேண்டாமா?

முரளி மாமா: அங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தக் காலத்து சிரிய வீரர் உஸாமா இப்னு முன்கித் தன் கஸாகந்த், அதாவது கவசம் உள்ளே வைத்துத் தைத்த அங்கியைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே ஒரு நீளமான ஃபிராங்க் (சிலுவைப்போர் ஐரோப்பியர்) வளையக் கவசம், அதன் மேல் இடுப்பளவுக்கு இன்னொன்று, கூடவே கம்பளி, முரட்டுப் பட்டு, முயல் முடி எல்லாம் வைத்துத் தைத்தது. வெளியில் பார்த்தால் வெறும் துணி அங்கி! அதனால் கவசமே இல்லாத மாதிரி தெரியும் பொம்மைதான் பல நேரம் சரியான மம்லூக், அதாவது அடிமையாக வாங்கிப் போருக்குப் பழக்கிய குதிரைவீரன். அவன் அங்கியைக் கொஞ்சம் தடிமனாகச் செதுக்கியிருக்கிறார்களா என்று பார், மேல்கையில் திராஸ் பட்டை, அதாவது எழுத்து வேலை செய்த துணிப்பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

அருண்: சரி மாமா. ஆயுதம்? நான் பார்த்த பெட்டிகளில் எல்லோர் கையிலும் வளைந்த வாள்.

முரளி மாமா: 1187இல் நேர்வாள்தான் அதிகம். வாளை விடு, இடது இடுப்பில் வில்லுறை இருக்கிறதா என்று பார். மம்லூக் ஒருவனே ஈட்டியும் பிடிப்பான், வில்லும் எய்வான். வில்லுறை இல்லாத ஈட்டிக்காரனை பெதுவின், அதாவது அரபு நாடோடிகள் பக்கம் தள்ளிவிடு.

வித்யா அக்கா: எத்தனை பேர் வில்லாளிகள்?

முரளி மாமா: பாதிக்கு மேல். துருக்மான்கள், அதாவது குதிரையில் இருந்தே வில் எய்யும் துருக்கிய நாடோடிகள், இல்லாமல் அந்தப் படை இல்லை. 1191இல், அர்சூஃப் சண்டைக்கு முன்னால் வழியில், முதுகில் பத்து அம்பு வரை குத்தி நிற்க ஃபிராங்கு காலாட்கள் வரிசை கலையாமல் நடந்துபோனதை சலாஹுதீனுடன் இருந்த பஹாவுத்தீன் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு அம்பு பொழிந்திருக்கிறார்கள். நம் ஆட்டத்தில் ஆறு வில்லாளியை வைத்துவிட்டு ஏன் நைட்டுகள் களைக்கவில்லை என்று கேட்டால் எப்படி?

அருண்: துருக்மானுக்கு மங்கோலியப் பெட்டியிலிருந்து எடுக்கலாமா? பிளாஸ்டிக், விலையும் குறைவு.

முரளி மாமா: குதிரையும் உடம்பும் எடுக்கலாம், தலையை மட்டும் மாற்று. முதுகில் பின்னல் தொங்கும் தலை கிடைத்தால் விடாதே. அமீருக்கு (படைத் தளபதி) ஷர்பூஷ், அதாவது முன்பக்கம் தூக்கி நிற்கும், விளிம்பில் ரோமம் வைத்த தொப்பி. ஒருவனுக்குப் போதும்.

வித்யா அக்கா: துருக்மான்களை அப்படியே மங்கோலியரை எதிர்த்த 1260 ஐன் ஜாலூத் சண்டைக்கும் இறக்கிவிடலாம், எகிப்து சுல்தான் குத்துஸ் பக்கம். காசு மிச்சம்.

முரளி மாமா: அதேதான். அதனால் கனமான படைக்கு ஒரு பெட்டி, வில்லாளிக்கு இரண்டு பெட்டி. ஒரே சீருடை மாதிரி எல்லோருக்கும் ஒரே நிறம் அடித்துவிடாதே அருண், சலாஹுதீனின் சொந்த மம்லூக்குகளுக்கு மஞ்சள் வை, மற்றவர்கள் அவரவர் இஷ்டம்.

கமலா அத்தை: சனிக்கிழமை மாடியில் வடாம் காய வைக்கப் போகிறேன். மேசையில் எதுவும் இருக்கக்கூடாது.

முரளி மாமா: ஞாயிறுதான் ஆட்டம், காலையிலேயே எடுத்துவிடுவாயா கமலா?

கமலா அத்தை: வெயிலைப் பொறுத்தது.

அருண்: ஆர்டர் போட்டுவிட்டேன். தலைகள் தனியாக, இருபது.