பென்குயின் குஞ்சுகளை வளர்க்கும் தன்னார்வப் பணி: சேரும் முன் சில ஐயங்கள்

கேள்வி

கேப் டவுனில், கைவிடப்பட்ட ஆப்பிரிக்கப் பென்குயின் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடும் சான்காப் மையத்தில் தன்னார்வலராகச் சேர எண்ணியிருக்கிறேன். எனக்குக் கால்நடை மருத்துவப் படிப்பு இல்லை; பறவைகளைப் பராமரித்த பழக்கமும் இல்லை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே குஞ்சுகளை எடுத்து வருவதாகப் படித்தேன், அது முறைதானா? மனிதர் கையால் உண்டு வளர்ந்த குஞ்சு பிறகு தானே மீன் பிடித்துப் பிழைக்குமா?

மறுமொழி 1

முறைதான். வளர்ந்த பென்குயின்கள் ஆண்டுக்கு ஒருமுறை தம் இறகுகள் அனைத்தையும் ஒருசேர உதிர்த்துப் புதுப்பிக்கின்றன. ஏறத்தாழ மூன்று வாரம் நீளும் அந்நாட்களில் இறகுகள் நீரைத் தடுக்கா என்பதால், அவை கடலில் இறங்காமல், முன்பே உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு கரையில் பட்டினி கிடக்கின்றன. பருவம் பிந்திப் பொரித்த குஞ்சு கடலுக்குப் போகும் பக்குவம் அடையுமுன் பெற்றோருக்கு இறகுதிர்வு தொடங்கிவிட்டால், இரை கொடுக்க ஆளின்றி அது கூட்டிலேயே மடியும். மத்தியும் நெத்திலியும் குறைந்துபோன கடலில் இனப்பெருக்கமே தடுமாறும்போது, ஒவ்வொரு குஞ்சும் கணக்கில் வருகிறது. 2024-இல் இப்பறவை 'மிக அருகிய இனம்' என அறிவிக்கப்பட்டது; எஞ்சியிருப்பவை 10,000 இணைகளுக்கும் குறைவு.

பிழைக்குமா என்பதற்கும் விடை உண்டு. 2006, 2007 ஆண்டுகளில் இவ்வாறு சேர்க்கப்பட்ட 841 குஞ்சுகளில் 91 விழுக்காடு கடலில் விடப்பட்டன. அவற்றின் உயிர்பிழைப்பு, பெற்றோரிடம் வளர்ந்த குஞ்சுகளின் அளவை ஒத்திருந்ததாக ஆய்வு காட்டியது. முதலாண்டைத் தாண்டியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடலில் இளம் பறவைகளின் நிலை பொதுவாகவே அப்படித்தான்.

மறுமொழி 2

மேலே உள்ளதில் மறுப்பில்லை. அன்றாட வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பலர் குஞ்சுகளை மடியில் வைத்துக் கொஞ்சும் படங்களை மனத்தில் கொண்டு வந்து ஏமாறுகிறார்கள். நாளின் பெரும்பகுதி எச்சம் படிந்த விரிப்புகளைத் தேய்ப்பதிலும், துண்டுகளைத் துவைப்பதிலும், தொட்டிகளைக் கழுவுவதிலும் போகும். ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் குஞ்சுகளின் நுரையீரல் கெடும் என்பதால், இதை எடுபிடி வேலையாக நினைக்கக் கூடாது. மருத்துவத்தின் பாதியே இதுதான்.

மிகச் சிறிய குஞ்சுகளுக்கு மீனை அரைத்துக் கூழாக்கிக் குழாய் வழியே புகட்டுவார்கள். குழாய் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் பறவை அங்கேயே இறக்கும். எனவே அதைப் பயிற்சி பெற்றவரே செய்வார். வளர்ந்தவற்றுக்கு முழு மீன். பறவையை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, தலையைப் பின்னாலிருந்து பிடித்து, அலகைத் திறந்து, மீனின் தலைப்பக்கம் முதலில் போகும்படி வைக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் துடுப்பும் செதிலும் தொண்டையில் சிக்கும். உறைமீனில் வைட்டமின் பி1 குறைந்துவிடுவதால் மாத்திரையைச் செவுளுக்குள் செருகிக் கொடுப்பதுண்டு. கையுறை போட்டாலும் கடி நிச்சயம். அலகின் விளிம்பு கத்திதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று: நாள்தோறும் ஒரே ஆள் இரை கொடுத்தால் குஞ்சு அவரிடம் ஒட்டிக்கொள்ளாதா?

மறுமொழி 2

அதற்காகவே அவற்றைக் கூட்டமாக வளர்க்கிறார்கள். பேசுவதும் தடவுவதும் கூடாது என்பார்கள். இரை கொடுத்ததும் கீழே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். எடை, இரத்தப் பரிசோதனை, இறகு நீர் புகாமல் நிற்கிறதா என்ற சோதனை ஆகிய அனைத்தும் சரியாக இருந்தால்தான் விடுவிப்பார்கள். உங்களைக் கண்டதும் கொத்த வரும் குஞ்சைப் பற்றி வருந்தாதீர்கள். கவலைப்பட வேண்டியது, பின்னாலேயே நடந்து வரும் குஞ்சைப் பற்றித்தான். அப்படி ஒன்று வந்தால் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.