உதவி: கம்பெனி கடனைக் கட்டவில்லை, எம்.டி. போட்ட ஜாமீன் கையெழுத்தை வைத்து வசூலிக்க முடியுமா? (அவசரம்)

தவித்தவாய்:
வணக்கம். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் கடன் கொடுத்தோம். எம்.டி. தனிப்பட்ட முறையில் ஜாமீன் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது அசலும் வரவில்லை, வட்டியும் வரவில்லை. கேட்டால் "கம்பெனியில் பணம் இருந்தால் தரமாட்டேனா" என்கிறார். அவர் சொந்த வாழ்க்கையில் எந்தக் குறையும் தெரியவில்லை. நேரடியாக அவர் மேல் போகலாமா, கம்பெனி மேல் கேஸ் முடிந்த பிறகுதானா? இரண்டு வக்கீல்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சீக்கிரம் பதில் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
எந்த நாட்டுச் சட்டம்? எப்போது கொடுத்த கடன்? "கொடுத்தோம்" என்றால் யார், நீங்களா, உங்கள் நிறுவனமா? ஜாமீன் பத்திரத்தில் "கேட்டவுடன் தருகிறேன்" என்று இருக்கிறதா? கம்பெனி இன்னும் நடக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் சொன்னால் அது ஜோசியம்.

செக்மேட்:
செக் வாங்கி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் பேங்கில் போடுங்கள். திரும்பி வந்ததும் 138 நோட்டீஸ் (செக் மோசடிக்கான சட்டப் பிரிவு). கிரிமினல் கேஸ் என்றால்தான் இவர்கள் பணத்தை எடுப்பார்கள். சிவில் கேஸ் போட்டால் பேரன்தான் தீர்ப்பு வாங்குவான்.

முன்னாள் வங்கியாளர்:
இந்தியா என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. கம்பெனியை முதலில் விரட்டி முடித்துவிட்டு வா என்று ஜாமீன்தாரர் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் இதை பேங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கிலேயே சொல்லிவிட்டது. இருவரையும் ஒரே வழக்கில் சேர்க்கலாம், அவர் மேல் மட்டும் கூடப் போடலாம். "முதலில் கம்பெனி" என்று சொன்ன வக்கீல் உங்கள் பத்திரத்தில் ஏதாவது வாசகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள்.

அம்பலவாணன்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விளக்கமாக எழுதிவிட்டேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கடன் கொடுக்கும் முன் வக்கீலிடம் காட்டாதவர்கள் பணம் போன பிறகு "அவசரம்" என்று தலைப்பு வைக்கிறார்கள். ஜாமீன் என்பது ஓர் ஒப்பந்தம். முதலில் அதைப் படியுங்கள், அப்புறம் இங்கே வாருங்கள்.

தவித்தவாய்:
இந்தியாதான். 2022-ல் கொடுத்தது, ஓராண்டுத் தவணை. பிறகு இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் கேட்டார்கள், சரி என்றோம். ஜாமீனில் "எழுத்து மூலம் கேட்ட 15 நாளில் செலுத்துவேன்" என்று இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: கையெழுத்துக்குக் கீழே கம்பெனி ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, "இயக்குநர்" என்றும் இருக்கிறது. அது பிரச்சினையா? செக் எதுவும் இல்லை.

செக்மேட்:
செக் இல்லாமல் யாராவது கடன் கொடுப்பார்களா!

வாய்தா:
ஸ்டாம்ப் இருந்தால் முடிந்தது கதை. அவர் கம்பெனிக்காகத்தான் கையெழுத்துப் போட்டார் என்பார். கம்பெனியே தன் கடனுக்குத் தானே ஜாமீன் நிற்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

முன்னாள் வங்கியாளர்:
அந்தக் கேள்வியேதான் உங்களுக்குப் பதிலும். கம்பெனி தனக்கே ஜாமீன் நிற்க முடியாது என்பதால் அவர் தனி மனிதராகத்தான் நின்றார் என்று வாதாட இடம் நன்றாகவே இருக்கிறது. பத்திரத்தின் முதல் பத்தியைப் பாருங்கள். "இன்னாரின் மகன் இன்னார், இந்த முகவரியில் வசிப்பவர், இனி ஜாமீன்தாரர்" என்று வீட்டு முகவரியோடு ஆரம்பித்தால் கீழே இருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் வழக்கைக் கொல்லாது, இழுத்தடிக்க உதவும். "மேற்படி கம்பெனிக்காக அதன் இயக்குநர்" என்று ஆரம்பித்தால்தான் கவலை. நான் வேலையில் இருந்தபோது தனிப்பட்ட ஜாமீன் வாங்கும் மேஜையில் ஸ்டாம்ப் பேடையே எடுத்து டிராயரில் வைத்துவிடுவோம். கையில் இருந்தால் குத்திவிட்டுத்தான் மறுவேலை.

வாய்தா:
கோர்ட்டில் நீங்கள் சொல்கிற மாதிரியா நடக்கிறது? நானும் ஜாமீன் நின்றவன்தான். பணம் கம்பெனி வாங்கியது, வீட்டை என்னிடம் கேட்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது?

செக்மேட்:
கையெழுத்துப் போடும்போது நியாயம் தெரியவில்லையா?

வாய்தா:
போடாவிட்டால் பேங்க் ஒரு ரூபாய் தராது. "பார்மாலிட்டி சார்" என்பார்கள். தொழில் செய்தால் தெரியும்.

அம்பலவாணன்:
தலைப்புக்கு வாருங்கள். ஜாமீன்தாரர்கள் சங்கக் கூட்டத்தை வேறெங்காவது நடத்தலாம். ஆறு மாத நீட்டிப்பை யாருமே கவனிக்கவில்லை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 135 படி ஜாமீன்தாரர் சம்மதம் இல்லாமல் கடன் வாங்கியவருக்கு அவகாசம் தர ஒப்புக்கொண்டால் ஜாமீன் விடுபடும். சும்மா கேட்காமல் விட்டால் விடுபடாது, அது 137. ஆக இவருடைய ஜாமீன் போய்விட்டது. நன்றி, வணக்கம்.

நித்திலா:
அம்பலவாணன் சார், அந்த லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டது யார்? எம்.டி.யே போட்டிருந்தால் அவகாசம் கேட்டவரே அவர்தான். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று எப்படிச் சொல்வார்? அதோடு பல ஜாமீன் பத்திரங்களில் "அவகாசம் கொடுத்தாலும் என் பொறுப்பு தொடரும்" என்று ஒரு வரி இருக்கும். தவித்தவாய், அந்த வரி இருக்கிறதா பாருங்கள்.

காலக்கெடுதான் எனக்கு உண்மையான பயம். எழுத்தில் கேட்டால்தான் பொறுப்பு என்று எழுதிய ஜாமீனில், கேட்ட பிறகுதான் வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டுக் கணக்கு ஆரம்பிக்கும். சிண்டிகேட் பேங்க் எதிர் சன்னவீரப்பா பெலேரி, 2006. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: முதல் முறை கேட்கும்போது கம்பெனி மேலுள்ள கடன் காலாவதியாகியிருக்கக் கூடாது. நீட்டித்த தவணை முடிந்த நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள். நடுவில் கம்பெனி கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டு. இதுவரை எம்.டி.க்கு எழுத்தில் நோட்டீஸ் போனதா? கம்பெனி முகவரிக்கு இல்லை, அவர் பெயருக்கு, அவர் வீட்டுக்கு.

கணக்குப்பிள்ளை:
"கொடுத்தோம்" யார் என்று முதலிலேயே கேட்டேன், பதில் வரவில்லை.

தவித்தவாய்:
மன்னிக்கவும். நானும் அண்ணனும் பார்ட்னர்ஷிப். போன் மற்றும் வாட்ஸ்அப்பில்தான் கேட்டோம், நோட்டீஸ் போடவில்லை. லெட்டரில் எம்.டி. கையெழுத்துதான்.

கணக்குப்பிள்ளை:
பார்ட்னர்ஷிப் பதிவு செய்ததா? பதிவாகாத பார்ட்னர்ஷிப், ஒப்பந்தத்தை வைத்து வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது, பார்ட்னர்ஷிப் சட்டம் பிரிவு 69. பதிவு இல்லையென்றால் வழக்குப் போடும் முன்பே பதிவு செய்யுங்கள், போட்ட பிறகு செய்தால் உதவாது. பதிவேட்டில் உங்கள் இருவர் பெயரும் இருக்க வேண்டும்.

நித்திலா:
ஆம், இதுதான் விட்டுப்போனது. நோட்டீஸை இன்றே பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், சென்று சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். ஜாமீன் பத்திரம் சரியான முத்திரைத்தாளில் இல்லையென்றால் அபராதம் கட்டித்தான் சாட்சியமாகச் சேர்ப்பார்கள், அதையும் வக்கீலிடம் கேளுங்கள். வழக்கு என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 37-ல் சம்மரி சூட் (சுருக்க விசாரணை வழக்கு) போடலாம். எதிராளி 10 நாளில் ஆஜராகி, பிறகு எதிர்வாதம் செய்ய அனுமதியும் கேட்க வேண்டும். வணிக நீதிமன்றத்துக்குப் போகிற வழக்கானால், அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்காதபட்சத்தில், முதலில் மத்தியஸ்தம் கட்டாயம்.

அவர் பெயரிலுள்ள சொத்துக்கு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். திடீரென்று மனைவி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதியிருந்தால் இப்போதே தெரிய வேண்டும்.

வாய்தா:
கம்பெனி திவாலாகி என்சிஎல்டி-க்கு (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) போய்விட்டால் எல்லாமே நின்றுவிடும், ஜாமீனும் சேர்த்து. அதையும் சொல்லுங்கள்.

முன்னாள் வங்கியாளர்:
தவறு. கம்பெனி மேல் வழக்குப் போட வரும் தடை ஜாமீன்தாரருக்குப் பொருந்தாது. திவால் சட்டத்தின் 2018 திருத்தம் பிரிவு 14-லேயே அதைச் சொல்கிறது. கம்பெனிக்குத் தீர்வுத் திட்டம் ஒப்புதலானாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபட மாட்டார், லலித் குமார் ஜெயின் வழக்கு, 2021. ஆனால் யாராவது எம்.டி. மேலேயே திவால் சட்டம் பிரிவு 94, 95-ல் மனுப் போட்டால், அது ஏற்கப்பட்டதும் அவர் கடன்கள் மேலுள்ள வழக்குகள் தற்காலிகமாக நிற்கும். பேங்க் கடனுக்கும் இவர் ஜாமீன் நின்றிருந்தால் பேங்க் முந்திக்கொள்ளும். அப்படி மனு ஏற்கப்பட்டால் பொது அறிவிப்பு வரும், 21 நாளில் உங்கள் பாக்கியைப் பதிவு செய்யுங்கள்.

தவித்தவாய்:
பதிவு இருக்கிறது, இருவர் பெயரும் உண்டு. பத்திரம் வீட்டு முகவரியோடுதான் ஆரம்பிக்கிறது. நோட்டீஸ் போய்விட்டது. வில்லங்கத்தில் போன மாதம் ஒரு செட்டில்மெண்ட். வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.

நித்திலா:
யார் பெயருக்கு? தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 53 (கடன் கொடுத்தவரை ஏய்க்கச் செய்யும் சொத்து மாற்றம்) பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.

அம்பலவாணன்:
நான் சொன்னது பொதுவான விதி. லெட்டரில் யார் கையெழுத்து என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

புதியவன்:
இதே பிரச்சினைதான், ஆனால் எங்களுக்கு ஜாமீன் போட்டவர் இறந்துவிட்டார். மகன் கட்ட வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
தனி இழையாகப் போடுங்கள். எந்த நாடு, எப்போது கொடுத்தது, யார் கொடுத்தது, எல்லாம் எழுதுங்கள்.