பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இஞ்சின் ராயல் என்ஃபீல்டு புல்லட்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம், உங்களுடையது எது?

நெல்லை 350:
பாளையங்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசல். காலையிலிருந்து உதைத்து உதைத்து முட்டி கழன்ற நிலை, கிக்கர் வேறு ரிட்டர்ன் அடிக்கிறது. பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த வேட்டிக்காரப் பெரியவர் எழுந்து வந்து "தள்ளுங்க தம்பி" என்றார். காலைக் கிக்கரில் வைக்கவே இல்லை. சாவியைப் போட்டுவிட்டுக் குனிந்து, உள்ளங்கையால் கிக்கரை மெதுவாக அழுத்தியபடி கரண்ட் காட்டும் ஆம்ப் மீட்டரையே பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தினார். சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து இன்னும் ஒரு பொட்டு இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் கையாலேயே ஒரே அழுத்து. டுப்... டுப்... டுப். "திருவொத்தியூர் புல்லட் பேக்டரில ரிட்டயர் ஆகிற வரைக்கும் இதானே வேலை" என்றார். கேட்க ஆயிரம் இருந்தது, அதற்குள் தூத்துக்குடி பஸ் வந்து ஏறிப் போய்விட்டார். இன்றைக்கும் அந்த முள் நடுவுக்கு வரும்போதெல்லாம் அவர் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஏற்காடு டீசல்:
பெட்ரோல் புல்லட்டைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், நான் டாரஸ் பற்றி எழுதுகிறேன். 1993-ல் வந்த டீசல் புல்லட், 325 சி.சி., ஆறரை குதிரைத்திறன்தான். மாமா தோட்டத்து வண்டி அது. மிளகு மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஏறுகிறோம், முன்னால் போன கார் ரேடியேட்டர் கொதித்து ஓரமாக நிற்கிறது, நாங்கள் கரும்புகையோடு தடதடவென்று அதைக் கடந்து போகிறோம். கைப்பிடி நடுங்கியதில் மணிக்கட்டு வரை மரத்துப்போயிருந்தது, ஆனாலும் மாமா முகத்தில் இருந்த பெருமையை இன்னொரு தடவை பார்க்கக் கிடைக்கவில்லை. என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் போட்ட டிசைன், அதனால்தான் அந்தக் கனம் தாங்கியது.

வடசென்னைக்காரன்:
ஏற்காடு நண்பரே, கடைசி வரியை ஒத்துக்கொள்ள முடியாது. டாரஸில் இருந்தது கிரீவ்ஸ் லம்பார்டினி இஞ்சின், அதற்கும் இங்கிலாந்தில் என்ஃபீல்டு ஆலை இருந்த ரெட்டிச்சுக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்துக்காரர்கள் 1901-ல் தங்கள் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள், 1932-ல் புல்லட் என்று பெயர் வைத்தார்கள், சரி, அந்த மரியாதை அவர்களுக்கு உண்டு. ஆனால் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு, ஆரம்பத்தில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்த திருவொற்றியூர் ஆலை சில வருஷங்களிலேயே முழு வண்டியையும் செய்யக் கற்றுக்கொண்டது. 1967-ல் ரெட்டிச் ஆலையை மூடினார்கள், அடுத்த சில வருஷத்தில் அந்தக் கம்பெனியே இல்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் கப்பலேறியது! தாய்வீடு மூடிய பிறகும் அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தது நம் ஊர்த் தொழிலாளிகள், அதை யாரோ செய்த டிசைன் என்று ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள்.

நான் பார்த்தது டேங்கில் கோடு போடுவதை. ஸ்கேல் கிடையாது, டேப் கிடையாது. நீள மயிர் பிரஷைப் பெயிண்டில் தோய்த்து, சுண்டுவிரலை டேங்கில் ஊன்றி, வளைவு முடிகிற வரை ஒரே இழுப்பு. பக்கத்தில் நின்ற நானும் மூச்சு விடவில்லை.

கோவை கிளாசிக்:
எங்கள் சித்தப்பா வண்டியில் நியூட்ரல் ஃபைண்டர் உண்டு. அவர் நாலாவது கியரில் வந்து, சிக்னலில் குதிகாலால் அந்தச் சின்ன லிவரை ஒரு மிதி மிதித்தால் நேராக நியூட்ரல். சின்ன வயதில் டேங்க் மேல் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வருவேன்.

இதைப் படித்துவிட்டுப் பழைய வண்டி வாங்கக் கிளம்புபவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், முதல் கியர் மேலே, மற்றது கீழே. புது வண்டி ஓட்டிப் பழகிய கால் அவசரத்தில் தப்பைத்தான் மிதிக்கும், அதனால் காலி மைதானத்தில் நன்றாகப் பழகாமல் ரோட்டுக்கு வராதீர்கள். இஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள், புரோக்கர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பித்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இஞ்சின் ஆயில், ஆயில் டேங்க் பகுதியிலிருந்து கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும், ஸ்டார்ட் ஆனதும் புகை கக்கும், அதை வைத்து பிஸ்டன் ரிங் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள், கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். சைலன்சரை மாற்றித்தான் சத்தம் வரும் என்பவர்களுக்கு: 350 புல்லட்டில் போர் (சிலிண்டர் குறுக்களவு) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ., பிஸ்டன் அவ்வளவு தூரம் ஏறி இறங்குவதும் கனமான ஃப்ளைவீலும் சேர்ந்துதான் அந்த நிதானமான ஐடிலிங். ஒரிஜினல் சைலன்சரே போதும்.

ஏற்காடு டீசல்:
வடசென்னை அண்ணா, இஞ்சின் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் சொன்னது ஃபிரேமை, அந்தக் கனம் தாங்கியது ஃபிரேம்தானே? அது இருக்கட்டும், மாமா வண்டி இப்போது என்னிடம்தான் நிற்கிறது. சேலம், ஈரோடு பக்கம் டாரஸுக்கு நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) சர்வீஸ் பண்ணத் தெரிந்த பழைய கை யாராவது இருந்தால் கடை எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்.