அப்பாயி நினைவு மலர்: ‘தோற்றம்’ என்ற இடத்தில் எந்த வருஷம் போடுவது?

பாமணிக்கரை:

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். போன தையில் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, தவறிவிட்டது. வருஷ தெவசத்துக்கு நாலு பக்கத்தில் ஒரு நினைவு மலர் அடிக்கலாம் என்று வீட்டில் முடிவு, எழுதும் வேலை என் தலையில். முதல் வரியிலேயே நிற்கிறேன். ‘மறைவு’ தெரியும், ‘தோற்றம்’ தெரியாது. ஆதாரில் 01-01-1945 என்று இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிக் கிழவிகள் அந்த ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள்.

அப்பாயி சொன்ன கணக்கு இரண்டுதான். ஒன்று, “பெரும்புயல் அடிச்ச வருஷம் நான் வயசுக்கு வந்தேன்.” அன்று ராத்திரி கூரை பிய்த்துக்கொண்டு போனதும் பிள்ளைகளை எல்லாம் நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குள் இறக்கிவிட்டார்களாம். குறுவை நெல்லின் மேல் உட்கார்ந்து, சுணை தாங்காமல் விடியவிடியச் சொறிந்துகொண்டிருந்தோம் என்று சொல்லும். இன்னொன்று, பெரிய அத்தையை மடியில் போட்டுக்கொண்டு கும்பகோணம் மகாமகத்துக்குப் போனது. ஆனால் அத்தையின் பள்ளிக்கூடச் சான்றிதழில் 1958 ஜூன் என்று இருக்கிறது. எதை நம்புவது?

இன்னொரு சங்கடம். சித்தப்பா எழுதித் தந்த மாதிரியில் ‘அன்பின் உருவமே, பொறுமையின் பூமியே’ என்று ஓடுகிறது. பொறுமையா? வயலுக்குத் தண்ணீர் பாயும் நம் முறை முடிவதற்குள் யாராவது மடையைத் திருப்பிவிட்டால் வரப்பில் நின்று அது போடும் சத்தம் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும். இதையெல்லாம் மலரில் எழுதலாமா?

வெண்ணாறு:

தம்பி, உங்கள் அப்பாயி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நம் பக்கம் அடுத்தடுத்து இரண்டு புயல். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தில் அடித்தது ஒன்று, 1955 டிசம்பர் தொடக்கத்தில் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இராஜாமடத்தில் கரையேறியது ஒன்று. இரண்டையும் ‘பெரும்புயல்’ என்றுதான் சொல்வார்கள். இங்கேதான் மகாமகம் உதவும். 1956 மாசியில் ஒன்று, அதற்கடுத்தது 1968. மடியில் பிள்ளை என்றால் 68 ஆகாது, சான்றிதழ்ப்படி பார்த்தாலே அப்போது அத்தைக்கு ஒன்பது வயது முடிந்திருக்கும். ஆக 56. அந்த மாசியில் கையில் பிள்ளை இருக்க வேண்டுமானால் வயசுக்கு வந்தது 55 புயலில் இருக்க முடியாது, 52தான். பதின்மூன்று என்று வைத்தால் பிறப்பு 1939 வாக்கில். ஆதாரை நம்பினால் பதினோரு வயதில் பிள்ளை பெற்றதாக ஆகிவிடும்.

அத்தையின் சான்றிதழை விடுங்கள். அந்தக் காலத்தில் தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. பிறந்த தேதி வாத்தியார் போட்டது, அதிலும் ஜூன் மாதம்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

பத்திர எழுத்தர் (ஓய்வு):

அவர் பேரில் நிலம் வாங்கியிருந்தால் கிரயப் பத்திரத்தில் ‘இன்னார் மனைவி, வயது இத்தனை’ என்று இருக்கும். 1975-க்குப் பிறகு என்றால் வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுத்து, பத்திர எண்ணைப் பிடித்து நகல் கேட்கலாம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், பல பத்திரங்களில் அந்த வயதும் நாங்கள் முகத்தைப் பார்த்து எழுதியதுதான்.

பாமணிக்கரை:

வெண்ணாறு அண்ணன் கணக்கு உட்கார்ந்துவிட்டது. அப்பாயியின் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, இன்னும் இருக்கிறார். அவருக்கு ஜாதகம் உண்டு, தாரண வருஷம், அதாவது 1944-45. “அக்கா எனக்கு அஞ்சு வயசு மூப்பு” என்கிறார். அப்படியானால் பிரமாதி, 1939-40. அப்பாயிக்கு ஏன் ஜாதகம் இல்லை என்று கேட்டேன். “பொம்பளப் பிள்ளைக்கு யாரு எழுதுனா” என்று வெற்றிலையை மடித்தார்.

பத்திரம் இல்லை ஐயா. ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், எல்லாம் தாத்தா பேரில். உழைப்பு மட்டும் அப்பாயி பேரில்.

மலரில் மடைச் சண்டையோடு உளுந்து தெளிப்பையும் எழுதப்போகிறேன். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நெல் நிற்கிற வயலிலேயே உளுந்து தெளிப்போம். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். அப்பாயி வரப்பிலிருந்து இறங்கிக் குதிகாலை அழுத்தும். தடம் பதிந்து, அதில் தண்ணீர் ஊறாமல் இருந்தால் அன்றைக்குத் தெளிப்பு. ஊறினால் திரும்பிவிடும், ஆள் வந்து காத்திருந்தாலும் சரி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பனியில் முழங்கால் வரை நனைந்து, சாய்ந்த கதிருக்கு நடுவே வீசிக்கொண்டே போகும். கதிரில் தங்கிவிட்ட விதையைத் தட்டிவிட்டுக்கொண்டு பின்னால் வருவது என் வேலை. ஒன்று விட்டாலும், “கண்ணை எங்கடா வச்சிருக்க, கட்டையில போறவனே!”

வடுவூர் விவசாயி:

அந்தக் ‘கட்டையில போறவனே’யைக் கட்டாயம் போடுங்கள். எங்கள் ஆத்தா மண்ணைக் கையில் உருட்டிப் பார்க்கும், குதிகால் வைத்தியம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மலரைப் படிக்கிற பிள்ளைகள் ஏன் இப்போது அப்படித் தெளிப்பதில்லை என்று கேட்டால், அதற்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். கையறுப்பு போய் மெஷின் வந்துவிட்டது. டயர் வண்டி இறங்கினால் முளைத்த உளுந்து அத்தனையும் சேற்றோடு நசுங்கும், செயின் வண்டி என்றால் கொஞ்சம் தேவலை. நான் போன வருஷம் அறுத்து முடித்த பிறகுதான் தெளித்தேன். அதற்குள் ஈரம் இறங்கி, பாதிதான் முளைத்தது.